ஆயிலை விலை பார்த்து மட்டும் வாங்கும் லாரி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாமக்கல், சேலம், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் கூட்டாகச் சேர்ந்து ஆயில் வாங்க முடிவெடுத்திருக்கும் லாரி உரிமையாளர்களுக்கு,

உங்கள் கூட்டத்தில் எடுத்த முடிவு வாட்ஸ்அப் வழியாக ஒவ்வொரு ஷெட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. இனி எல்லா வண்டி இன்ஜினுக்கும் 20டபிள்யூ-40 என்ற ஒரே கிரேடு ஆயில். பழைய வண்டி, புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த பி.எஸ்.-6 வண்டி என்ற பேதம் கிடையாது. கியர் பாக்ஸுக்கும் அதே பேரல். பின் அச்சில் கிரவுன், பினியன் பல்சக்கரங்கள் இருக்கும் ஹவுசிங்குக்கு மட்டும் 90 கியர் ஆயில். மெக்கானிக் வேறு ஏதாவது எழுதிக் கொடுத்தால் பில் பாஸ் ஆகாது. இதோடு நின்றிருந்தால் நேரில் வந்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போயிருப்பேன். கடைசி வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது: பேரிங்கோ கிரவுனோ போனால் டிரைவர் ஓட்டிய விதமே காரணம் என்று எடுத்துக்கொண்டு அவர் சம்பளத்தில் பிடிக்கப்படுமாம்.

இந்த வட்டாரத்தில் இன்ஜினும் கியர் பாக்ஸும் பிரித்து வேலை பார்ப்பவன் நான். உங்களில் பலருடைய வண்டி என் ஷெட்டில் நின்றிருக்கிறது. டீசல் விலை, டயர், டோல், இன்சூரன்ஸ், தவணை எல்லாம் கட்டிவிட்டுக் கையில் நிற்பது எவ்வளவு என்று எனக்கும் தெரியும். சேர்ந்து வாங்கினால் லிட்டருக்கு ஏதோ மிச்சமாகும், அது நல்ல யோசனைதான். எதை வாங்குவது என்பதை விலைப்பட்டியல் மட்டும் முடிவு செய்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஆயில் என்றால் வழுக்கும், எதை ஊற்றினாலும் வழுக்கும் என்ற நினைப்பில் பிறந்த முடிவு இது. பிஸ்டன் தள்ளச் சுற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கைத் தொட்டுக்கொண்டு சுற்றுவதில்லை. ஓடும்போது அது ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. ஜர்னல் என்கிற ஷாஃப்டின் உருண்டைப் பகுதிக்கும், அதைச் சுற்றியிருக்கும் செல் என்கிற பேரிங்கின் பாதி வளையத்துக்கும் நடுவில் கம்பெனி விட்டிருக்கும் இடைவெளியே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். லோடு அழுத்தும் பக்கத்தில் படலம் சில மைக்ரானுக்குச் சுருங்கிவிடும். ஒரு தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒன்றுகூட இராது. ஆயில் பம்பு கொடுக்கும் பிரஷர் அந்த ஆயிலைப் பேரிங் வாசல் வரை கொண்டுவந்து விடுவதோடு சரி. அதற்கு மேல் இடுக்குக்குள் இழுத்துப்போவது ஷாஃப்டின் சுழற்சி. சிலிண்டருக்குள் டீசல் வெடித்துப் பிஸ்டனைத் தள்ளும் விசை முழுவதையும் தாங்குவது அந்தச் சில மைக்ரான். அது எவ்வளவு தடிமனாக நிற்கும் என்பது சுற்று வேகம், லோடு, ஆயிலின் பாகுத்தன்மை (அதாவது கெட்டி) இந்த மூன்றையும் பொறுத்தது. முதல் இரண்டும் ரோட்டில் மாறிக்கொண்டே இருக்கும். மூன்றாவதை நீங்கள் கடையிலேயே முடிவு செய்துவிடுகிறீர்கள்.

இது ஷெட்டுக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். 1883-இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஆயில் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுற்ற ஆரம்பித்ததும் அந்தத் துளை வழியாக ஆயில் மேலே பொங்கிக்கொண்டு வந்தது. கார்க் வைத்து அடைத்தார், பிறகு மரத்தக்கை அடித்தார். இரண்டையும் ஆயில் வெளியே தள்ளிவிட்டது. கடைசியில் பிரஷர் கேஜை மாட்டிப் பார்த்தால், சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு வரை காட்டக்கூடிய அந்த கேஜின் முள் கடைசிக் கோட்டையும் தாண்டிப் போயிற்று. அந்தச் சோதனைக்கு வெளியிலிருந்து பம்பு எதுவும் ஆயிலை அழுத்தவில்லை. கீழ்ப்பக்கம் ஆயிலில் நனைந்துகொண்டிருந்த அச்சு, தானே சுற்றி உண்டாக்கிய அழுத்தம் அது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்கு எழுதிக் கொடுத்தார். இன்றைக்கும் உங்கள் வண்டி இன்ஜினின் பேரிங் இடைவெளியை டிசைன் செய்பவர் அந்தக் கணக்கில்தான் தொடங்குகிறார், ஒரு குறிப்பிட்ட பாகுத்தன்மையை மனதில் வைத்துக்கொண்டு. ஆயிலை மாற்றினால் அவர் போட்ட கணக்கை மாற்றுகிறீர்கள். பிஸ்டன் சைஸை மாற்றச் சொன்னால் நீங்கள் சம்மதிப்பீர்களா?

இனி பேரல் மேல் உள்ள எண்ணுக்கு வருகிறேன். 20டபிள்யூ-40 என்பதில் டபிள்யூவோடு ஒட்டியிருக்கும் எண் குளிரில் ஆயில் எப்படி நகரும் என்பதற்கு. பின்னால் உள்ள 40 சூடான இன்ஜினுக்கு: 100 டிகிரி செல்சியஸில் 12.5-இலிருந்து 16.3 சென்டிஸ்டோக்குக்குள் (பாகுத்தன்மையை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். அதே ஆயில் 40 டிகிரியில் 120, 130 பக்கத்தில் இருக்கும். அதாவது காலையில் ஷெட்டில் ஊற்றும்போது கையில் கெட்டியாகத் தெரிவது, தொப்பூர் கணவாயில் தர்மபுரிப் பக்கமாக லோடோடு ஏறும்போது எட்டில் ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்து ‘நல்ல கெட்டி’ என்று சொல்வது எனக்கும் பழக்கம்தான், ஆனால் அது ஆயிலைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இன்ஜினுக்குள் வேலை செய்யும்போது அது எப்படி இருக்கிறது என்பதை எந்த விரலாலும் பார்க்க முடியாது.

15டபிள்யூ-40 போடச் சொன்ன வண்டிக்கு 20டபிள்யூ-40 ஊற்றினால் சூடான பிறகு இரண்டும் ஒன்றுதானே என்று உங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டதாகச் சொன்னார்கள். அவர் கேட்டது சரி. நம் ஊர் வெயிலில் இதற்காக நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் ஜனவரியில் உங்கள் வண்டிகள் நம் ஊரிலா நிற்கின்றன? பஞ்சாபிலும் ஜம்முவிலும் லோடுக்குக் காத்துக் கிடக்கின்றன. அந்தக் குளிரில் விடியற்காலை ஸ்டார்ட் செய்யும்போது, கெட்டியாக நிற்கும் ஆயில் மேலே வால்வைத் திறக்கும் ராக்கருக்கும் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்கும் போய்ச் சேர நேரம் எடுக்கும். டர்போ ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுப் பக்கம் போகக்கூடியது. அதுவும் ஆயிலில் மிதப்பதுதான். கெட்டி ஆயில் ஃபில்டர் தாளைத் தாண்டிப் போகத் திணறினால் ஃபில்டரில் உள்ள பைபாஸ் வால்வு திறந்துகொள்ளும். வடிகட்டாத ஆயில் நேராகப் பேரிங்குக்குப் போகும். கெட்டியாக இருந்தால் நல்லது என்று நம்மில் பலர் பிடிவாதமாக இருக்கிறோம், அதனால்தான் இதைச் சொல்கிறேன். தேவைக்கு மேல் கெட்டியான ஆயிலைத் தள்ளிக்கொண்டு ஓடுவதற்கும் டீசல்தான் செலவாகும்.

பேரலில் கிரேடுக்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொன்று இருக்கிறது, சி.எஃப்-4 என்று. அது 1990-இல் வந்த தரம். உங்கள் பி.எஸ்.-6 வண்டிகள் 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவை. அவற்றின் சைலன்சர் பக்கம் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் ஃபில்டர் இருக்கிறது. கரி எரிந்துவிடும்; ஆயிலில் உள்ள உலோகச் சேர்மானங்கள் விட்டுப்போகும் சாம்பல் எரியாது. அது அங்கேயே தங்கி ஃபில்டரை அடைக்கும். இதற்காகத்தான் சாம்பலுக்கு வரம்பு வைத்த சி.ஜே-4, அதற்குப் பிறகு 2016 கடைசியில் சி.கே-4 எல்லாம் வந்தன. கிரேடு பொருந்துகிறது என்பதற்காகப் பழைய தரத்தை ஊற்றினால், பேரலில் மிச்சம் பிடித்த காசு அந்த ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யக்கூடப் போதாது. மாற்ற வேண்டியதாகிவிட்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை மாற்றியவரைக் கேளுங்கள்.

கியர் பாக்ஸில் இன்ஜின் ஆயில் ஊற்றலாம் என்பதற்கு நீங்கள் காட்டும் ஆதாரம் உண்மையானதுதான். சில கனரக கியர் பாக்ஸ்களுக்குக் கம்பெனியே இன்ஜின் ஆயிலைப் போடச் சொல்லியிருக்கிறது. அந்த வண்டிகளுக்கு அதைப் போடுங்கள். மற்றவற்றுக்கு எதற்கு? மல்டிகிரேடு இன்ஜின் ஆயிலில் சூட்டில் கெட்டி குறையாமல் இருக்க நீளமான பாலிமர் சேர்த்திருப்பார்கள். கியர் பல்லுக்கு நடுவில் சிக்கிச் சிக்கி அந்த இழைகள் அறுந்துபோகும். அறுந்தால் அறுந்ததுதான், ஆறினாலும் பழைய கெட்டி திரும்பாது. 40 என்று ஊற்றியது கொஞ்ச தூரத்தில் 30 ஆகிவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஹவுசிங் விஷயத்தில்தான் எனக்கு அதிகக் கோபம். ‘இன்ஜினுக்கு 40, ஹவுசிங்குக்கு 90, இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி, இது போதாதா’ என்கிறீர்கள். இன்ஜின் ஆயிலுக்கும் கியர் ஆயிலுக்கும் எண் போடும் அளவுகோலே வேறு வேறு. கியர் ஆயில் 90 என்பது 100 டிகிரியில் 13.5-இலிருந்து 18.5 சென்டிஸ்டோக் வரை. 40 இன்ஜின் ஆயிலை மேலே சொன்னேன், ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே கெட்டிதான்! 140 என்றால் 24-இலிருந்து 32.5 வரை. லோடு வண்டி ஹவுசிங் பலவற்றுக்கும் 85டபிள்யூ-140 என்று புத்தகத்தில் போட்டிருப்பது இந்த வித்தியாசத்துக்காகத்தான்.

அங்கே கெட்டி மட்டும் போதாது. கிரவுனும் பினியனும் ஒன்றின் மேல் ஒன்று உருண்டுகொண்டே பக்கவாட்டில் வழுக்கவும் செய்கின்றன. வழுக்கும்போது படலம் வழித்துக்கொண்டு போகும். படலம் அறுந்த அந்த நொடியில் பல்லும் பல்லும் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது ஆயிலில் சேர்த்திருக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம். சூட்டில் அது இரும்போடு சேர்ந்து மெல்லிய பூச்சாகிவிடும். ஜி.எல்-5 தரக் கியர் ஆயிலில் இது நிறைய உண்டு, ஜி.எல்-4-இல் கிட்டத்தட்ட பாதிதான். நீங்கள் வாங்கி வைத்திருக்கும் 90, ஜி.எல்-4. சரி, எல்லாவற்றுக்கும் ஜி.எல்-5 வாங்கிவிடலாம் என்று அடுத்து யோசிப்பீர்கள். அதை கியர் பாக்ஸில் ஊற்றினால், கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோனைசர் பித்தளை வளையத்தை அந்தக் கந்தகம் அரித்துவிடும். பல கியர் பாக்ஸ்களுக்கு ஜி.எல்-4 சொல்வது அதற்காக. ஆக, ஒரு வண்டிக்குள்ளேயே மூன்று இடத்துக்கு மூன்று ஆயில் தேவைப்படும்போது, முந்நூறு வண்டிக்கு ஒரே பேரல் எப்படிப் பொருந்தும்?

டிரைவர் மேல் பழி போடுவதைப் பற்றிச் சொல்கிறேன். உங்களில் ஒருவருடைய பத்துச் சக்கர வண்டி தட்டுச் சத்தத்தோடு என் ஷெட்டுக்கு வந்தது. இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சேம்பரை இறக்கி, பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கன்ராடின் கேப்பை அவிழ்த்தேன். மேல் செல்லின் நடுப்பகுதியில் சாம்பல் நிறப் பூச்சு முழுக்கத் தேய்ந்து செம்பு தெரிந்தது. கீழ் செல் கிட்டத்தட்டப் புதிது. கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங்கில் இதற்கு நேர் எதிர்: கீழ் செல் தேய்ந்து, மேல் செல் நன்றாக இருந்தது. வெடிப்பு விசை கன்ராடில் மேல் செல்லையும் மெயினில் கீழ் செல்லையும்தான் அழுத்தும். கீறல் இல்லை, அதனால் மண்ணோ தூசியோ காரணம் இல்லை. டிரைவர் ஆயில் இல்லாமல் ஓட்டியிருந்தால் ஜர்னல் நீலம் பாய்ந்திருக்கும், செல் ஒட்டிப் பிடித்து உள்ளேயே சுற்றியிருக்கும். அப்படி எதுவும் இல்லை. லோடு வாங்கும் பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது என்றால், ஆயில் இருந்திருக்கிறது, படலம் தாங்கவில்லை என்று அர்த்தம்.

டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் மேல் கோட்டுக்கும் மேலே நின்றது. முகர்ந்தால் டீசல் வாடை. டீசலைத் தெளிக்கும் நாசில் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. எரியாத டீசல் லைனர் வழியாக வழிந்து சேம்பருக்குள் சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. ‘ஆயில் சொட்டுகூடக் குறையவில்லை அண்ணே, தினமும் பார்த்தேன்’ என்றார் அந்த டிரைவர். அவர் சொன்னது உண்மை. ஆயில் குறைந்த இடத்தை டீசல் நிரப்பியிருக்கிறது. அளவு ஏறியது, கெட்டி இறங்கியது. நாசிலைச் செக் செய்ய வேண்டும் என்று அதற்கு முந்தைய சர்வீஸிலேயே எழுதிக் கொடுத்திருந்தோம். அடுத்த டிரிப் முடியட்டும் என்று ஓனர் தள்ளிப்போட்டார். ஆயில் மாற்றும் கிலோமீட்டரையும் நீட்டியிருந்தார். கடைசியில் பிடித்தம் யாருக்கு நடந்தது? மாதத்தில் பாதி நாள் வீட்டுக்குப் போகாத அந்த மனிதருக்கு. பழைய செல்களை அவர் கையில் கொடுத்து ஓனரிடம் காட்டச் சொன்னேன். பார்க்கவே இல்லையாம்.

ஆயில் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது என்றும், கறுக்காவிட்டால் இன்னும் ஓட்டலாம் என்றும் நீங்கள் கணக்கு வைத்திருப்பதும் தப்பு. டீசல் இன்ஜினில் ஆயில் கறுப்பது, கரியைப் படிய விடாமல் தன்னோடு தூக்கிக்கொண்டு திரிவதால். அது அதன் வேலை. கரி அளவுக்கு மீறினால் ஆயில் தடித்துப்போகும், டீசல் கலந்தால் நீர்த்துப்போகும். இரண்டும் சேர்ந்து நடந்தால் பார்வைக்கு ஒன்றுமே தெரியாது. ஒரு சின்ன பாட்டிலில் பழைய ஆயிலைப் பிடித்து லேபுக்கு அனுப்பினால் 100 டிகிரியில் எவ்வளவு இருக்கிறது, டீசல் கலந்திருக்கிறதா, இரும்பும் செம்பும் எவ்வளவு என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பேரல் கணக்கில் வாங்கும் உங்களுக்கு ஆயில் கம்பெனிக்காரர்களிடம் இதைக் கேட்டு வாங்கும் பலம் இருக்கிறது. ஒரு வண்டி வைத்திருப்பவருக்கு அது கிடையாது. சேர்ந்து வாங்குவதன் பலன் அங்கேதான் இருக்கிறது, அதை விட்டுவிட்டீர்கள்.

திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரர்களும் உங்கள் கூட்டில் இருப்பதாகக் கேள்வி. அவர்களுக்குத் தனியாக ஒன்று. ஒரே காட்டில் நின்றுகொண்டு கம்ப்ரசரை இழுக்கும் இன்ஜினுக்கு மீட்டரில் கிலோமீட்டர் ஓடாது. மணிக்கணக்கு வைக்காமல் கிலோமீட்டர் பார்த்து ஆயில் மாற்றினால் அது மாற்றாததற்குச் சமம்.

இனி நான் கேட்பவை. ஒரே பேரல் முடிவை உடனே நிறுத்தி வையுங்கள். உங்கள் வண்டிகளின் கம்பெனிப் புத்தகங்களை எடுத்து, மாடல் வாரியாக இன்ஜின், கியர் பாக்ஸ், ஹவுசிங் மூன்றுக்கும் கிரேடும் தரமும் பட்டியல் போடுங்கள். எப்படியும் ஐந்தாறு வகைக்குள் அடங்கிவிடும். அத்தனையையும் கூட்டாகவே வாங்குங்கள், பேரமும் பேசுங்கள். பட்டியல் போட நானும் இந்த வட்டார மெக்கானிக்குகளும் வந்து உட்காரத் தயார், கூலி வேண்டாம். பி.எஸ்.-6 வண்டிகளுக்கு சி.கே-4-க்குக் கீழே எதையும் ஊற்றச் சொல்லாதீர்கள். சீல் உடைந்த பேரல், பெயரில்லாத கேன் எதையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு லாட்டுக்கும் 100 டிகிரி பாகுத்தன்மை போட்ட டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். ஆயில் மாற்றும் தூரத்தை நீட்ட நினைத்தால், முதலில் மாடலுக்குச் சில வண்டிகளின் பழைய ஆயிலை லேபில் பார்த்துவிட்டு நீட்டுங்கள். டிப் ஸ்டிக்கில் அளவு ஏறினால் டிரைவர் உடனே சொல்ல வேண்டும், சொன்னால் வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று எழுத்தில் போடுங்கள்.

சம்பளப் பிடித்தம் பற்றிய வரியை முழுக்க நீக்குங்கள். ஏற்கெனவே பிடித்ததைத் திருப்பிக் கொடுங்கள். இனி எந்த இன்ஜினைப் பிரித்தாலும் கழற்றிய செல், பினியன், வளையம் எதையும் பழைய இரும்புக்குப் போடாமல் வைத்து, டிரைவரும் மெக்கானிக்கும் ஓனரும் சேர்ந்து பார்த்த பிறகுதான் காரணம் எழுதப்பட வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு டிரைவர்கள் தரப்பில் இருவரையாவது கூப்பிடுங்கள், என்னையும் கூப்பிடுங்கள். அந்தப் பத்துச் சக்கர வண்டியின் செல்கள் இன்னமும் என்னிடம்தான் இருக்கின்றன, கொண்டுவருகிறேன்.

அதுவரை, புத்தகத்தில் இல்லாத கிரேடை என் ஷெட்டில் எந்த வண்டிக்கும் ஊற்ற மாட்டேன். ஊற்றியே ஆக வேண்டும் என்றால் ஓனர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். அதன் நகல் ஒன்று அந்த வண்டி டிரைவரிடம் இருக்கும்.

இப்படிக்கு,
நாமக்கல் வட்டார இன்ஜின் மெக்கானிக் ஒருவன்